நான்காம் அடுக்கு

லியெபாயாவில் ஒரே ஒரு டிராம் தடம்.
அதன் டிக்கெட் இயந்திரங்களுக்கான நிரல்
எங்கள் மூன்றாவது மாடியில் உருவாகிறது.
உருவாகிறது என்றால்,
நாங்கள் எழுதி அனுப்புவோம்;
எங்கோ ஒரு சர்வரில், ஆளில்லாமல்,
கட்டிச் சோதித்து
பச்சையாகவோ சிவப்பாகவோ திருப்பி அனுப்பும்.

முன்பெல்லாம் அதற்குப் பத்தொன்பது நிமிடம்.
ஒரு காற்புள்ளியைத் திருத்தினாலும் பத்தொன்பது.
ஒவ்வொரு முறையும் ஒரு வெற்று இயந்திரம் கண்விழிக்கும்,
தனக்குக் கைகளே இல்லை என்று கண்டுகொள்ளும்,
கம்பைலரை இறக்கும், லைப்ரரிகளை இறக்கும்,
நேற்று இறக்கிய அதே எழுத்துருவை
முதன்முதலாகப் பார்ப்பதுபோல் இறக்கும்,
வேலை முடிந்ததும்
அத்தனையும் மறந்து செத்துப்போகும்.
அதற்குள் நான் கீழே போய்
புகையூட்டிய மீன் வைத்த ரொட்டி தின்று
கடற்காற்றில் குடையை உடைத்துக்கொண்டு
திரும்பி வந்துவிடுவேன்.

அக்ரிஸ்தான் கேட்டான்:
"விஸ்மா, சமைக்கும்போதெல்லாமா
புதிதாய் அடுப்பு கட்டுவார்கள்?"
அன்று மாலையே எங்களுக்கென்று
ஓர் இமேஜ் செய்தான்.
கம்பைலர் உள்ளே. லைப்ரரிகள் உள்ளே.
எங்கள் எழுத்துகளின்
தலைக்கோடும் கால்வாலும் சிதையாத
அந்த எழுத்துருவும் உள்ளே.
மூன்று நிமிடம் நாற்பது நொடி!
குன்டார்ஸ் கேக் வாங்கி வந்தார்.
என் மதிய நடை அத்தோடு போயிற்று.

இரண்டு வருடம் கழித்து அக்ரிஸும் போனான்.
டென்மார்க் என்றார்கள். யாரும் சரியாகக் கேட்டுவைக்கவில்லை.

இந்தப் பிப்ரவரியில் சேமிப்பகத்தின் ரசீது வந்தது.
"நம் இமேஜ் ஏன் இவ்வளவு கனம்?"
குன்டார்ஸ் கேட்டார்.
நான் பிரித்தேன்.

இமேஜ் என்பது அடுக்குகள், ஒன்றின்மேல் ஒன்றாய்.
கீழ் அடுக்கில் வைத்ததை
மேலிருந்து யாரும் அழிக்க முடியாது.
இன்னோர் அடுக்கைப் போட்டு
'இது இல்லை' என்று சொல்லலாம், அவ்வளவுதான்.
பார்ப்பவருக்கு அது இல்லை.
சுமப்பவருக்கு இருக்கிறது.

நான்காம் அடுக்கில் அக்ரிஸ் ஒரு புள்ளி வைத்திருந்தான்.
கட்டளையில் வெறும் புள்ளி என்றால்
'இங்கிருப்பதெல்லாம்' என்று பொருள்.
எந்தக் கோப்புறையில் நின்றுகொண்டு வைத்தானோ,
அவன் வீடே உள்ளே வந்துவிட்டது.
ஐந்தாம் அடுக்கில் பதறிப்போய் அழித்திருக்கிறான்.

ஒழுகும் பாய்லரின் ஏழு படங்கள்.
'ரெய்னிஸுக்கு ஸ்கேட், அளவு 34, நீலம் வேண்டாம்.'
பிறகு ஒரு கடிதம்:
'மதிப்புக்குரிய குன்டார்ஸ்,
நீண்ட யோசனைக்குப் பின் நான்'
அங்கேயே நின்றிருந்தது.
தேதி, நாங்கள் கேக் வெட்டிய வாரம்.

அதன்பிறகு இரண்டு வருடம்
என் எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்தான் அவன்.
ஸ்டேப்ளர் கேட்டிருக்கிறேன். மழை பற்றிப் பேசியிருக்கிறோம்.
கணக்குப் போட்டுப் பார்த்தேன்:
சுமார் பதினோராயிரம் பில்ட்.
ஒவ்வொன்றிலும் அந்த முடியாத வாக்கியம்
கம்பி வழியே ஓடி
ஏதோ ஒரு புத்தம்புதிய இயந்திரத்தில் இறங்கி
யாரும் திறக்காமல்,
பச்சை விளக்கு எரிந்ததும்
கரைந்துபோயிருக்கிறது.

மற்ற கோப்புகளை நான் திறக்கவில்லை.
திறக்கவில்லை என்பதை
யாரிடமும் நிரூபிக்கவும் முடியாது.

புதிதாக ஒன்று செய்தேன்.
புள்ளி இல்லை; பெயர் சொல்லி,
ஒவ்வொன்றாய் உள்ளே அழைத்தேன்.
கால்வாசி எடை. இரண்டு நிமிடம் ஐம்பது.
"உள்ளே என்னதான் இருந்தது?"
"வேண்டாத பைல்கள்" என்றேன்.
கேக் கிடையாது இம்முறை,
கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்.

பழையதை நீக்கும் பொத்தானுக்கடியில்
சின்ன எழுத்தில் போட்டிருந்தது:
முழுதாய் மறையப் பதினான்கு நாளாகும்.

இன்னும் அழுத்தவில்லை.
இரவுக் கட்டணக் கிளை மட்டும்
இப்போதும் பழைய பெயரையே கேட்கிறது,
சற்றுமுன்கூட ஒருமுறை இழுத்தது, பச்சை.
அந்த வரியை நாளை மாற்ற வேண்டும்.